குலுக்கினால் சத்தம் வரக்கூடாது: வீடு மாறுவோர் கேள்வி – பதில்

பள்ளி திறப்பதற்குள் வீடு மாறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பலரும் இருக்கும் நேரம் இது. சாமான்களைக் கட்டுவது, ஏற்றுவது பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

தாம்பரத்திலிருந்து கோவைக்கு மாறுகிறோம். மாமியார் காலத்து மண் கொலு பொம்மைகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. போன தடவை செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டோம். சிலவற்றில் பேப்பர் ஒட்டிக்கொண்டு வண்ணம் உரிந்துவிட்டது. சரஸ்வதியின் கையிலிருந்து வீணை ஒடிந்துவிட்டது. இந்த முறை எப்படிக் கட்டுவது?
– வாசகி, கிழக்கு தாம்பரம்

வண்ணம் உரிந்ததும் வீணை ஒடிந்ததும் வேறு வேறு காரணத்தால்.

வண்ணத்தைக் கெடுத்தது ஈரமும் சூடும். செய்தித்தாள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடிய லாரிக்குள் வெயிலில் சூடு ஏறும்போது பொம்மையின் வண்ணம் இளகி, தொட்டுக்கொண்டிருக்கும் தாளோடு ஒட்டும். அச்சு மையும் சேர்ந்து இறங்கும். பபிள் ரேப்பை நேராகச் சுற்றினாலும் இதே கதைதான். குமிழ்களின் அச்சு வட்டம் வட்டமாக வண்ணத்தில் பதிந்துவிடும். அதனால் பொம்மையைத் தொடும் முதல் சுற்று எப்போதும் பழைய பருத்தி வேட்டித் துண்டாகவோ வெள்ளை டிஷ்யூ தாளாகவோ இருக்கட்டும். அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கும் மேல் வேண்டுமானால் பபிள் ரேப். கட்டுவதற்கு முன் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கி ஒரு நாள் நிழலில் காற்றாட வையுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மெல்லிய பிரஷ் போதும்.

வீணை ஒடிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் சுற்றிய விதம். நீட்டிக்கொண்டிருக்கும் கை, வேல், புல்லாங்குழல், மயில் தோகை இவற்றுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அதை அப்படியே விட்டு மேலே இறுக்கிச் சுற்றினால் கை உள்பக்கமாக அழுந்தி, கட்டும்போதே விரிசல் விட்டுவிடும். வண்டி குலுங்கும்போது முறியும். முதலில் அந்த இடைவெளியில் பஞ்சையோ சுருட்டிய துணியையோ மெல்லச் செருகி நிரப்புங்கள். பிறகு முழு பொம்மையையும் தளர்வாகச் சுற்றுங்கள்.

பெட்டி 5 ப்ளை (ஐந்து அடுக்கு) அட்டையாக இருக்கட்டும். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கசக்கிய தாள். குட்டி பொம்மைகள் இரண்டு அடுக்கு வரை போகலாம், நடுவில் ஓர் அட்டைத் தடுப்போடு. ஓர் அடிக்கு மேல் உயரமான பொம்மைக்குத் தனிப்பெட்டி. மேலேயும் இரண்டு அங்குலம் தாள் வைத்து மூடியபின், பெட்டியைக் கையில் தூக்கி மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து இன்னும் தாள் திணியுங்கள். பெட்டிக்குள் விட்ட காலியிடத்தில் பொருட்கள் ஒன்றோடொன்று மோதி உடைவதுதான் அதிகம்; கீழே விழுந்து உடைவது அபூர்வம்.

கல்யாண செட், தசாவதார செட் போன்றவற்றைப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் வைத்து, மூடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காகிதக்கூழ் பொம்மைகள் எளிதில் உடையாது, ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். அவற்றின் பெட்டியை லாரியின் தரையில் வைக்கக்கூடாது. மரப்பாச்சிகளுக்கு இந்த உபசாரமெல்லாம் வேண்டாம். புடவைகளுக்கு நடுவே சொருகிவிடலாம்.

எங்களுடையது ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின். வாங்கும்போது பின்னால் இருந்த போல்ட்டுகளை மெக்கானிக் கழற்றிக் கொடுத்தார். அவற்றை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. போல்ட் இல்லாமல் அனுப்பலாமா? ஃப்ரிட்ஜையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
– வாசகர், திருச்சி

உள்ளூரில் இரண்டு தெரு தள்ளிப் போவதானால்கூட யோசிக்க வேண்டும். திருச்சியை விட்டு வெளியே போவதானால் போல்ட் இல்லாமல் ஏற்றாதீர்கள். ஃப்ரன்ட் லோடு மெஷினில் டிரம்மும் அதைச் சுற்றிய தொட்டியும் ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. கீழே ஆட்டத்தை அடக்கும் டேம்பர்கள் தாங்குகின்றன. தொட்டியோடு கனமான எடைக்கட்டிகளும் பிணைத்திருக்கும். லாரி ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது அத்தனை கனமும் ஆடி ஸ்பிரிங், டேம்பர், பேரிங் எல்லாவற்றையும் பதம் பார்க்கும். வெளியே கீறல்கூட இருக்காது. புது வீட்டில் ஸ்பின் போட்டதும் மெஷின் நடக்க ஆரம்பிக்கும்.

மாடலுக்கு ஏற்ப மூன்றோ நான்கோ போல்ட்டுகள் இருக்கும். நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லி அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் போல்ட்டைத் திருகி ஒப்பேற்றக்கூடாது. கூடவே வரும் ரப்பர், பிளாஸ்டிக் உறைதான் தொட்டியை இறுகப் பிடிக்கிறது.

கிளம்புவதற்கு முதல் நாள் ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். குழாயை மூடி இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். டிரெயின் ஹோஸைத் தரைமட்டத்துக்கு இறக்கி பக்கெட்டில் விடுங்கள். முன்பக்கம் கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து ஃபில்டரைத் திருகினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வரும். பழந்துணி தயாராக இருக்கட்டும். இந்தத் தண்ணீரை விட்டுவிட்டால் வழியில் கசிந்து பக்கத்தில் உள்ள மெத்தையை நனைக்கும், மெஷினின் எலெக்ட்ரானிக் போர்டிலும் இறங்கலாம். பிறகு பின்பக்க மூடிகளை எடுத்து போல்ட்டுகளைப் போட்டு முறுக்குங்கள். புது வீட்டில் சுவிட்ச் போடும் முன் இவற்றைக் கழற்ற வேண்டும். போல்ட்டோடு ஓட்டினால் ஆட்டம் முழுவதும் மெஷின் உடம்பில் இறங்கும். கழற்றியதை ஜிப் கவரில் போட்டு வாரண்டி கார்டோடு வைத்துவிடுங்கள்.

டாப் லோடு மெஷினுக்குப் பெரும்பாலும் இப்படி போல்ட் கிடையாது. டப்புக்கும் பாடிக்கும் நடுவே ஃபோம் துண்டுகளைச் சுற்றிலும் செருகினால் போதும்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே காலி செய்து அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே உள்ள தட்டில் தண்ணீர் இருக்கும். பலரும் இதை மறக்கிறார்கள். கண்ணாடித் தட்டுகளையும் காய்கறி டிரேயையும் எடுத்துத் தனியே சுற்றுங்கள். கதவை பிரவுன் டேப் போட்டு ஒட்டினால் பசை பெயின்ட்டில் தங்கும், கேஸ்கெட்டும் பிய்யும். ஸ்ட்ரெச் ஃபிலிமோ துணிக் கயிறோ பயன்படுத்துங்கள். நிமிர்ந்தபடியே பயணம் செய்ய வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் கேஸ் குழாய்க்குள் போய்விடும். உடனே ஓட்டினால் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரஸர் தேயும். நிமிர்த்தியே கொண்டுவந்தாலும் இறக்கிய பின் மூன்று, நான்கு மணி நேரம் விட்டு சுவிட்ச் போடுங்கள். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால் ஒரு முழு நாள் நிற்கட்டும்.

ஏ.சி.யைக் கழற்றினால் கேஸ் எல்லாம் போய்விடும், புது வீட்டில் முழுசாக நிரப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகி, மதுரை

ஒழுங்காகக் கழற்றினால் போகாது. ஸ்பிளிட் ஏ.சி.யில் கேஸை வெளியே உள்ள யூனிட்டுக்குள்ளேயே சேர்த்து அடைக்கலாம். இதற்கு பம்ப் டவுன் என்று பெயர். ஏ.சி.யைக் கூலிங்கில் ஓடவிட்டு முதலில் மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கேஜில் (அழுத்தமானியில்) அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி உடனே அணைக்க வேண்டும். இரண்டொரு நிமிட வேலை. கேஜ் இல்லாமல் வருகிறவரை விட இருக்கிறவரைக் கூப்பிடுவது நல்லது. செப்புக் குழாய்களின் முனைகளை உடனே மூடச் சொல்லுங்கள். தூசியும் ஈரமும் உள்ளே போகக்கூடாது.

திரும்ப மாட்டும்போது வாக்யூம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் குறுக்குவழியில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அப்படியும் கேஸ் குறைந்திருந்தால், எந்த கேஸ் என்று யூனிட்டின் ஸ்டிக்கரில் பாருங்கள். ஆர்32 ஒரே வாயு, குறைந்ததை மட்டும் சேர்க்கலாம். ஆர்410ஏ இரண்டு வாயுக்களின் கலவை. அதை முழுக்க எடுத்துவிட்டு, ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு நிறுத்து நிரப்புவதே சரியான முறை.

டேபிள் டாப் கிரைண்டரை அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பலாமா?
– வாசகி, சேலம்

உருளைக் கற்களை உள்ளே வைத்து அனுப்பாதீர்கள். வண்டி குலுங்கும்போது கல் எழும்பி எழும்பி விழுந்து நடு ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் வளைத்துவிடும், கல்லின் விளிம்பும் தெறிக்கும். விளிம்பு தெறித்த கல்லில் அரைத்தால் மாவில் நறநறவென்று கல்துகள் வரும். கற்களையும் டிரம்மையும் தனித்தனியே எடுத்து, கழுவி, இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஆளுக்கொரு பழைய துண்டில் சுற்றி, சின்னப் பெட்டியில் அடியில் வையுங்கள். கல்லும் கண்ணாடியும் ஒரே பெட்டியில் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. புது வீட்டில் முதலில் ஒரு பிடி ஊறிய அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு, பிறகு இட்லிக்குப் போடுங்கள். டிரம் மெதுவாகச் சுற்றினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டாம்.

பாதி கேஸ் உள்ள சிலிண்டரை லாரியில் ஏற்ற மறுக்கிறார்கள். புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டுமே?
– வாசகி, வேலூர்

மறுப்பது சரிதான். மூடிய வண்டியில், வெயிலில், மற்ற சாமான்களோடு சிலிண்டர் போகக்கூடாது. அதே ஊருக்குள் மாறினால் இணைப்பை அதே கம்பெனியின் வேறு ஏஜென்சிக்கு மாற்றிக்கொள்ளலாம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஆட்டோவில் நிமிர்த்தி வைத்து, கேப் மூடிக் கொண்டுபோகலாம். வேறு ஊருக்கு என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஏஜென்சியில் கொடுத்து டி.வி. எனப்படும் டெர்மினேஷன் வவுச்சரையும் டெபாசிட் பணத்தையும் திரும்ப வாங்குங்கள். புது ஊரில் அந்த வவுச்சரைக் காட்டி, அன்றைய டெபாசிட் தொகையைக் கட்டினால் இணைப்பு கிடைக்கும். பாதி கேஸுக்குப் பணம் வராது என்பதால், கிளம்பும் நேரத்தில் தீர்கிற மாதிரி புக்கிங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பும் ஹோஸும் உங்களுடையவை. ஹோஸில் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பாருங்கள். தாண்டியிருந்தால் அங்கேயே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பால் காய்ச்ச இன்டக்‌ஷன் அடுப்பு போதும். ஆனால் பித்தளைப் பானையும் வெள்ளிக் கிண்ணமும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை அடுப்போடு சேர்த்துக் கட்டுங்கள். விளக்கு, எண்ணெய், திரி, தீப்பெட்டி, உப்பு, மஞ்சள், டம்ளர், கத்தரிக்கோல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு செட் மாற்றுத்துணி இவையும் அதே பெட்டியில். இது லாரியில் போகக்கூடாது, உங்களோடு காரிலோ பஸ்ஸிலோ வர வேண்டும்.

சமையலறைக்கு எத்தனை பெட்டி வேண்டும்? எவர்சில்வர் பாத்திரங்களை சாக்கில் போட்டால் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

எவர்சில்வருக்கு சாக்கு தாராளமாகப் போதும். அண்டாவுக்குள் குண்டான், அதற்குள் சட்டி என்று அடுக்கும்போது நடுவே ஒரு துணியோ தாளோ வையுங்கள். இல்லாவிட்டால் குலுங்கிக் குலுங்கி ஒன்றுக்குள் ஒன்று இறுகி, பிரிக்க வெந்நீரும் சுத்தியலும் தேவைப்படும். குக்கரின் வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கழற்றி, கவரில் போட்டு, அதே குக்கருக்குள் வைத்துவிடுங்கள். மிக்ஸி ஜாரில் பிளேடு இருப்பதால் வாயைத் துணியால் கட்டுங்கள்.

பீங்கான், கண்ணாடிக்குத்தான் பெட்டி. தட்டுகளைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தாளோடு. படுத்த நிலையில் மேலே உள்ள கனம் எல்லாம் அடித்தட்டில் இறங்கும். நிற்கும் தட்டு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். டம்ளருக்குள்ளும் தாளைத் திணித்துவிட்டுப் பிறகு சுற்றுங்கள்.

மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு சமையலறை மட்டும் எட்டிலிருந்து பத்து பெட்டி பிடிக்கும். துணிக்கு 3 ப்ளை போதும். பாத்திரம், புத்தகத்துக்கு 5 ப்ளை. புத்தகத்துக்குப் பெரிய பெட்டி எடுக்காதீர்கள். பதினைந்து கிலோவைத் தாண்டினால் லோடுமேன் தூக்கமாட்டார், தரையில் இழுப்பார், அடி பிய்யும். அடியில் நடுக்கோட்டில் இரண்டு வரிசை பிரவுன் டேப், இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வரிசை. மளிகைக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பெட்டியில் கரப்பான் முட்டையும் சேர்ந்து வரும், பார்த்து வாங்குங்கள். பெயரைப் பெட்டியின் மேலே எழுதாமல் இரண்டு பக்கங்களில் எழுதுங்கள். அடுக்கிய பின் மேல்பக்கம் யாருக்கும் தெரியாது.

எண்ணெய், ஊறுகாய், நெய் மூன்றையும் எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் கசியும். மூடியைத் திறந்து வாயில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து மூடி, கவரில் முடிந்து, பிளாஸ்டிக் வாளியில் நிறுத்தி எடுத்துப் போங்கள். பீங்கான் ஜாடி ஊறுகாயை பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலுக்கு மாற்றிவிடலாம்.

இன்வெர்ட்டர் பேட்டரியை யார் கழற்றுவது? ஆசிட் கொட்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

சாய்த்தால் கொட்டும். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒருவர் தூக்கும் பொருளல்ல. இன்வெர்ட்டரை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் நெகட்டிவ் வயரை எடுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஸ்பேனரோ இரும்புக் கம்பியோ இரண்டையும் தொட்டால் தீப்பொறி பறக்கும். கிளம்பும் முன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாதீர்கள், தளும்பி வெளியே வரும். லாரியில் கடைசியாக ஏற்றி, நிமிர்த்தி, நகராமல் மரக்கட்டை கொடுத்து, மேலே எதுவும் வைக்காமல் அனுப்புங்கள். துணி மூட்டை பக்கத்தில் வேண்டாம். சிந்திவிட்டால் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவலாம்.

சாமான் ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனம் இன்ஷூரன்ஸ் என்று தனியாகப் பணம் கேட்கிறது. ஆனால் பில்லில் "பொருட்கள் உரிமையாளரின் பொறுப்பில்" என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். பெங்களூரு போகிறோம், "செக்போஸ்ட் செலவு" வேறு உண்டாம். எதை நம்புவது?
– வாசகர், ஓசூர்

செக்போஸ்ட்டிலிருந்து ஆரம்பிப்போம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் நுழைவு வரி இல்லை. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு, சரக்குக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திட்ட சாமான் பட்டியலும் அடையாள அட்டை நகலும் டிரைவரிடம் இருந்தால் போதும். சுங்கச்சாவடிக் கட்டணம் உண்மையான செலவுதான், ஆனால் அதைப் பேசிய தொகைக்குள்ளேயே எழுதி வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் என்று பணம் வாங்கினால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள சான்று கிளம்பும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டும். மூவர்ஸ் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் "இன்ஷூரன்ஸ் உண்டு" என்று எழுதித் தருவது செல்லாக் காசு. பாலிசியில் இரண்டு விலக்குகளைத் தேடிப் படியுங்கள். நீங்களே கட்டிய பெட்டிகளுக்கு இழப்பீடு இல்லை என்று பலவற்றில் இருக்கும். வெளியே அடிபடாமல் உள்ளே பழுதான டி.வி., மெஷினுக்கும் இல்லை என்று இருக்கும். நகை, பணம், பத்திரம் எந்தப் பாலிசியிலும் எதிர்பார்க்காதீர்கள். அவை உங்கள் கைப்பையில்.

சரக்கேற்றிச் செல்வோரின் பொறுப்பை 2007-ம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வரையறுக்கிறது. சாமானின் மதிப்பை நீங்கள் எழுத்தில் அறிவிக்காமல் விட்டால், இழப்பீடு கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடலாம். அதனால் பட்டியலில் விலை உயர்ந்த பொருட்களின் மாடல், மதிப்பு இரண்டையும் எழுதி, புக்கிங் செய்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வழக்குப் போடுவதானால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இறக்கும்போது டெலிவரி ரசீதில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். எது நசுங்கியிருக்கிறது, எது இன்னும் திறந்து பார்க்கவில்லை என்று அதிலேயே எழுதுங்கள். பேசியதற்கு மேல் பணம் கேட்டுச் சாமானை இறக்க மறுத்தால் வண்டி எண்ணைப் போட்டோ எடுத்து போலீஸில் புகார் செய்யலாம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இந்த இடத்தில் உங்கள் பிடி போய்விடும்.

இரும்பு பீரோவைத் துணிகளோடு அப்படியே ஏற்றலாமா?
– வாசகி, காரைக்குடி

வேண்டாம். நிறைந்த பீரோவைச் சாய்த்துத் தூக்கும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும். பிறகு கதவு தரையில் உரசும், பூட்டு பிடிக்காது. புடவைகளைப் பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டுங்கள், அந்த மூட்டைகளே மற்ற சாமான்களுக்கு நடுவே மெத்தையாக உதவும். கண்ணாடி பதித்த கதவு என்றால் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே அட்டை கட்டுங்கள்; விரிசல் விட்டாலும் சில்லு தெறிக்காது. பூட்டிவிட்டு, கதவு திறக்காதபடி நடுவிலும் கீழேயும் கயிறு. லாரியில் முதலில் ஏறவேண்டியது இதுதான், டிரைவர் கேபினை ஒட்டி, முதுகு கேபின் பக்கமாக. சாவியை பீரோ கைப்பிடியில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள்.